அம்மாவின் காதில் ஓடிய லாரி

எழுபதைத் தாண்டிய என் செட்டுக்காரர்களே, கொஞ்சம் காது கொடுங்கள். காது என்றதும் உங்களில் பாதிப்பேர் மெஷினைத் தேடுவீர்கள். ஆறுதலாகத் தேடி மாட்டிக்கொண்டு வாருங்கள், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

போன மாசம் மகன் புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெருமையாகக் காட்டினான். உள்ளே ஒரு கறுப்பு மூடி. அதைத் தூக்கினால் இன்னொரு கறுப்பு மூடி.

"டிஸ்டிரிபியூட்டர் எங்கடா?"

"அதெல்லாம் இப்ப கெடையாதும்மா. டைமிங்க கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"எஞ்சின் தட்டுதா இல்லையான்னு யாரு கேக்குறது?"

"அதையும் கம்ப்யூட்டரே கேட்டுக்கும்."

நான் நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய், குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மருமகள் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தேன். வேறு என்ன செய்வது?

எனக்கு அப்போது ஒன்பது வயசு. ஐம்பதுகளின் கடைசி. கொட்டகலைக்குக் கீழே, பள்ளத்துக்குள் இறங்கிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அந்தத் தோட்டத்தின் லாரி டிரைவர். அம்மா கொழுந்து எடுப்பவள். நான் ஒரே பிள்ளை, வாயாடி, வகுப்பில் முதல். அந்த மூன்றையும் நான் தகுதிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரி, யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்டது. மூக்கு நீண்டது. பச்சைப் பெயிண்டுக்கு மேல் தோட்டத்துச் சிவப்புப் பெயிண்டு அடித்து, அதுவும் உரிந்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கும். தோட்டத்து ஃபாக்டரியான ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வழி முழுக்க ஏத்தம். மூன்று பெரிய முடக்குகள், கொண்டை ஊசி மாதிரி வளைவுகள். அந்த முடக்குகளில் லாரி மூச்சு வாங்குவது எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் மெக்கானிக் பாடம். பயப்படாதீர்கள், ஒரு பத்திதான். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி அமுங்கி நிற்கிறது. அதன் மேல் சரியான நேரத்தில் ஒரு பொறி விழ வேண்டும். அந்த நேரத்தைச் சொல்வது டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட். ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு உலோகப் பொட்டுகள். அவை விலகும்போது பொறி பிறக்கும். அவற்றின் இடைவெளி கூடிப்போனால் பொறி முந்திக்கொள்ளும், குறைந்தால் பிந்தும். டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினாலும் அப்படியே. பிந்தினால் லாரி சோம்பேறி, ஏத்தத்தில் இழுக்காது. முந்தினால் ஆரம்பத்தில் குஷியாகத்தான் இழுக்கும். ஆனால் பாரத்தோடு மலை ஏறும்போது எஞ்சினுக்குள்ளிருந்து கிணுகிணு என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். கண்ணாடி வளையல் போட்ட கையை யாரோ உள்ளே உதறுவது மாதிரி. அதைக் கேட்டதும் டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டும். கேட்காமல் மிதித்துக்கொண்டே போனால் ஒரு நாள் பிஸ்டன் ஓட்டை.

அந்த வளையல் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது.

டிரைவர் ஆவதற்கு முன்னால் அவர் ஸ்டோரில் பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் எட்டு வருஷம் நின்றவர். மெல்லிய சத்தங்களை எல்லாம் அந்த எஞ்சின் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். ஹார்ன் கேட்கும். லாரி உறுமுவது கேட்கும். குருவி கேட்காது. ஆனால் குருவி கேட்கவில்லை என்று யார் கவலைப்படுவார்கள்? அவருக்கே அது தெரியாமல் இருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தாள். அந்தச் சாயந்தரம் நான் அடுப்படியில் ரொட்டிக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

"மத்தியானம் மூணாவது மொடக்குல ஒங்க லாரி என்னமோ கிணுகிணுன்னுச்சே?" என்றாள் அம்மா, மாவைத் தட்டிக்கொண்டே.

"கிணுகிணுன்னா?"

"வளவி குலுங்குற மாரி. எங்க மலை வரைக்கும் கேட்டுச்சு."

"லாரிக்குள்ளயே இருக்குற எனக்குக் கேக்கல. ஒனக்கு அங்கன நின்னு கேட்டுச்சாக்கும்."

அம்மா கையில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு எழுந்தாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, கையைத் தூக்கி வளையல்களைக் குலுக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

"இது கேக்குதா?"

"எது?"

அம்மா இன்னும் கிட்டே கொண்டுபோய்க் குலுக்கினாள்.

"எதக் கேக்குற புள்ள? என்னா கேக்கணும்?" என்று அப்பா திரும்பினார். தலைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ரொட்டி ஒரு பக்கம் கருகியது. யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை.

"வெளிய சொல்லிறாத புள்ள," என்றார் கடைசியில். "செவிட்டு டைவருன்னு தெரிஞ்சா தொரை அன்னைக்கே சாவிய வாங்கிருவாரு."

"நான் ஏன் சொல்றேன்? எனக்குக் கேக்குதுல்ல, அது போதாதா?" என்றாள் அம்மா.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. அப்பா லாரியில் விறகும் கல்லும் ஏற்றிக்கொள்வார், பாரத்துக்கு. அம்மா பின்தட்டில் ஏறி, டிரைவர் அறையின் பலகையில் முதுகைச் சாய்த்து, சாக்கின் மேல் உட்காருவாள். நான் பக்கத்தில். லாரி ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் ஏத்தத்தில் ஏறும். பார்க்கிறவர்களுக்கு டிரைவர் பெண்டாட்டி பிள்ளையைச் சவாரி கூட்டிப் போகிறார்.

"என்னாக்கா, தொரைச்சானி கெட்டா போங்க!" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கத்துவார்கள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கும் ஒரு லாரி குடுக்கச் சொல்லுங்கடி!" என்று அம்மா கத்துவாள்.

ஏத்தத்தின் நடுவே அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். எஞ்சின் முந்துகிறது என்றால் பலகையில் ஒரு தட்டு. சரியாக இருக்கிறது என்றால் இரண்டு. ஒரு தட்டு விழுந்தால் அப்பா லாரியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து, டிஸ்டிரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, நெல்மணி அளவு திருப்புவார். மறுபடி கீழே போய், மறுபடி ஏத்தம். பாயின்ட் தேய்ந்திருந்தால் சின்ன அரத்தால் ராவி, சிகரெட் பெட்டி அட்டையை இரண்டாக மடித்து நடுவில் விட்டுப் பார்ப்பார். அட்டை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொள என்றும் இருக்கக் கூடாது. பெட்ரோல் வாசனை, ஈர விறகு வாசனை, அம்மாவின் தலையில் தேங்காய் எண்ணெய். நாலாவது ஐந்தாவது ஏத்தத்தில் அம்மா பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். உள்ளேயிருந்து அப்பா ஹார்னை இரண்டு தடவை அமுக்குவார்.

என் பெற்றோர் அதற்குமேல் கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. அதுதான் அவர்கள் கொஞ்சல் என்று எனக்கு விளங்கவே நாற்பது வயசாயிற்று.

இனி வருவது என் திருவிளையாடல்.

வைகாசியில் பள்ளிக்கூடத்தில் கங்காணியின் மகனோடு எனக்குச் சண்டை. அவன் எனக்கு ஒரு வயசு மூப்பு, கணக்கில் மக்கு. தன் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் தோட்டமே நடக்காது என்று அளந்துகொண்டிருந்தான்.

"எங்கப்பா லாரி எடுக்காட்டி தேயிலப் பொட்டி எப்புடிடா டேசனுக்குப் போகும்? ஒங்கப்பா தலையில வச்சித் தூக்கிட்டுப் போவாரா?"

"ஒங்கப்பா சும்மா ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. லாரி அதுபாட்டுக்கு ஓடுது."

"அதுபாட்டுக்கு ஓடுதா? எங்கம்மா காது வச்சிக் கேட்டாத்தான்டா அது ஓடும்! எங்கப்பாவுக்கு எஞ்சின் சத்தம் கேக்கவே கேக்காது. எங்கம்மா தட்டித் தட்டிச் சொல்லுவாங்க, அப்பா திருப்புவாரு. ஒங்கம்மாவுக்கு வருமாடா?"

அவன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன். துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவோடு நானும் நின்றேன், பள்ளிக்கூடம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அப்பா லாரிச் சாவியை வாங்க வந்தார். கங்காணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"என்னா டைவரே, இன்னைக்குக் காதக் கொண்டாந்தீங்களா, லயத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

ஆம்பிளைகள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. யாரோ ஒருவர் அம்மாவின் பக்கம் கையைக் காட்டினார். "லயத்துல எங்க விட்டாரு? அவரு காதுதான் கூடையப் போட்டுக்கிட்டு அங்கன நிக்குதே!"

இந்தத் தடவை பெண்களும் சிரித்தார்கள். நல்ல பகடிதான். வேறு யாரையாவது பற்றி என்றால் நானும் சிரித்திருப்பேன். பேர் பதியும் செக்ரோல் புத்தகத்திலிருந்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தலையை நிமிர்த்தினார்.

"என்னா கங்காணி, என்னா காது?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா, சும்மா ஒரு கேலிதான்."

கண்டாக்கு ஐயா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா சாவியை வாங்கிக்கொண்டு போனார். அவர் கழுத்து பின்பக்கம் முழுதும் சிவந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயந்தரம் அவர் உள்ளே வரும்போதே கேட்டார். "பொம்பளைங்க கூட்டத்துல பெரும அடிச்சியா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஏற்கனவே சுத்தமாக இருந்த சிலேட்டை. என் மூஞ்சியில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"வாய் தவறிருச்சு," என்றாள்.

அவ்வளவுதான். எந்த ஜோடனையும் இல்லாமல் அதைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பாவிடம் ஒரு பெல்ட் இருந்தது. என்னை அடித்தால் பத்து அடி விழும் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். பத்து அடியில் பிள்ளை செத்தா போகும்? வாங்கியிருப்பேன், ஒரு நாள் அழுதிருப்பேன், மறுநாள் கொய்யாக்காய் பறிக்கப் போயிருப்பேன். அம்மாவுக்கு மனசு வரவில்லை. அவள் வயிற்றில் அப்போது ஆறு மாசம்.

அப்பா அவளை அடிக்கவில்லை. "இனிமே லாரிப் பக்கம் வந்துறாத," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் தனியாகப் போனார். அட்டன் டவுனிலிருந்து புதுப் பாயின்ட் கொண்டுவந்து தானே மாட்டினார். அட்டையை இரண்டாக மடிப்பதற்குப் பதில் மூன்றாக மடித்து வைத்தார். இடைவெளி கூடினால் பொறி பலமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிஸ்டிரிபியூட்டரையும் திருப்பினார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, எஞ்சின் அதிர்வதைத் தொட்டுப் பார்த்தார். லாரி குதிரை மாதிரி கிளம்பியது.

"பாத்தியா தாயி, எப்புடி இழுக்குதுன்னு?" என்றார் என்னிடம். அம்மா ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம், லாரி பாரத்தோடு முடக்கு ஏறும்போது எங்கள் மலைக்கு அந்த வளையல் சத்தம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போது எனக்கும் கேட்டது. அம்மா கொழுந்து எடுக்கும் கையை நிறுத்திவிட்டு நிற்பாள். ஒரு நாள் வீட்டில் வாய் திறந்தாள்.

"இந்தாங்க, அந்த மொடக்குல..."

"ஒனக்கு என்னா தெரியும்? ஒம் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவள் அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

"நீ சொல்லு பாப்பா. நீ சொன்னா கேப்பாரு."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஒனக்கும் கேக்குதுல்ல?"

"கேக்குது. ஆனா சொல்ல மாட்டேன்."

அந்தப் பேச்சை எடுத்தால் அப்பா அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். தட்டுற விஷயம் வெளியில் எப்படிப் போச்சு என்று கேட்பார். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் என்னை வற்புறுத்தவில்லை. தலையில் கையை வைத்து ஈர முடியை ஒதுக்கிவிட்டாள். அவ்வளவுதான்.

ஆடி மாசம். மழை பத்து நாளாக விடவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மா உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு நனைந்திருந்தது. மழை என்று நினைத்தார்கள். ரத்தம்.

தோட்டத்து மருந்து ஐயா வந்து பார்த்துவிட்டு எழுந்தார். "இங்க வச்சுப் பாக்க ஏலாது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே." தொரை காரை எடுத்துக்கொண்டு நுவரெலியா போயிருந்தார். இருந்தது லாரி ஒன்றுதான். அதில் ஸ்டேஷனுக்குப் போகத் தேயிலைப் பெட்டிகள் முழுப் பாரம் ஏற்றியாகிவிட்டது.

"எறக்குங்கடா!" என்று அப்பா கத்தினார்.

"எறக்க அரை மணி நேரம் புடிக்கும் டைவரே, அப்புடியே போங்க," என்றார் கங்காணி. அவரே மழையில் லாரிமேல் பாய்ந்து, முன்வரிசைப் பெட்டிகளை மட்டும் தூக்கி எறிந்து, பலகைக்குப் பக்கத்தில் ஆள் படுக்க இடம் செய்தார். தன் குடையையும் உள்ளே வைத்தார். நான் அந்த மனிதரை ஐம்பது வருஷம் திட்டியிருக்கிறேன். இதையும் சொல்ல வேண்டும்.

தோட்டத்து மருத்துவச்சி ஏறினாள். தேத்தண்ணியோடு வந்திருந்த நான் அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டதால் என்னையும் ஏற்றினார்கள். மேலே தார்ப்பாய். பழைய ஞாயிற்றுக்கிழமை இடம்தான், அதே பலகை.

முதல் முடக்கிலேயே ஆரம்பித்துவிட்டது. கிணுகிணு. அவசரத்தில் அப்பா மிதித்தார், பாரம் வேறு. இரண்டாவது முடக்கில் அது வளையல் சத்தமாக இல்லை, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல. அம்மா கண்ணைத் திறந்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பலகையில் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து, ஒன்று.

"ஏம்மா கைய ஒடச்சிக்கிற? பேசாமப் படு," என்றாள் மருத்துவச்சி.

"முந்துது... லாரி முந்துது. பின்னால..."

"மயக்கத்துல ஒளறுது," என்றாள் மருத்துவச்சி என்னிடம்.

எனக்குத் தெரியும் அது உளறல் இல்லை என்று. அந்த லாரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது முடக்கும் தாண்டி, மெயின் ரோட்டுக்கு ஏறி, கொட்டகலைக் கடைகளும் பின்னால் போய்விட்டன. அட்டன் ஏத்தம் தொடங்கியது. அம்மாவின் கை பலகை வரை எட்டவில்லை, பாதியில் விழுந்தது. என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

"நீ தட்டு பாப்பா. ஒண்ணு. விட்டு ஒண்ணு. அப்பாவுக்குப் புரியும்."

நான் தட்டினேன். ஒன்று தட்டினேன். லாரி நிற்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதில் நிறமே இல்லை. அதற்குப் பிறகு எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. இரண்டு முஷ்டியாலும் பலகையைக் குத்தினேன். அப்பா அப்பா என்று கத்திக்கொண்டு, நிறுத்தாமல், தோலுரியும் வரை குத்தினேன்.

அப்படிக் குத்தினால் முன்னால் இருக்கும் மனுஷனுக்கு என்ன தோன்றும்? சீக்கிரம் போ. வேறு என்ன? அப்பா இன்னும் அழுத்தி மிதித்தார்.

உள்ளே ஏதோ உடைந்தது. பின்னால் வெள்ளைப் புகை. எரிந்த எண்ணெய் நாற்றம். லாரி ஓரடி பின்னால் உருண்டு, பிரேக்கில் நின்றது. எஞ்சின் செத்துப்போனதும்தான் மழை எவ்வளவு பெரிதாகப் பெய்கிறது என்று தெரிந்தது.

அப்பா ஓடிவந்து தார்ப்பாயைத் தூக்கினார். "பொறுக்க முடியலையா புள்ள? தட்டிக்கிட்டே இருந்தீங்களே, அதான் நானும் வெரட்டுனேன். என்னா எழவோ, நின்னுருச்சு."

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் தலையிலிருந்து தண்ணீர் அவள்மேல் சொட்டியது.

"ஏத்தம் ஜாஸ்தி," என்றாள். "நீங்க என்னா செய்வீங்க?"

அதுதான் அவள் பேசியதில் எனக்கு விளங்கின கடைசிப் பேச்சு.

பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு மரக்கறி லாரி நின்றது. சிங்கள டிரைவர் குதித்து ஓடிவந்தார். "மொகத உனே? என்ன நடந்தது?" என்று கேட்டவர், உள்ளே எட்டிப் பார்த்தார். கோவா மூட்டைகளைத் தள்ளி இடம் செய்தார். எல்லோரும் சேர்ந்து அம்மாவைத் தூக்கினோம். தூக்கும்போது அவர் குத்திக்காட்டாமல், உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

"நான் கொட்டகலையில இருந்து பின்னால வாரது. ஒங்கட எஞ்சின் தட்டுற சத்தம் இந்த மழையிலயும் எனக்குக் கேட்டது. ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

பக்கத்தில் நின்று உரக்கப் பேசுகிற மனுஷன். அப்பாவுக்கு அது நன்றாகக் கேட்டது. அம்மாவின் காலைப் பிடித்திருந்த கையை அவர் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர்கள் ஓடியாடி எல்லாம் செய்தார்கள். கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே அவளிடம் ரத்தம் மிச்சம் இல்லை. தம்பி மூச்சு விடாமல் பிறந்தான். அம்மா அவனுக்கு அரை மணி நேரம் பிந்திப் போனாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, என் முஷ்டியில் ஒரு நர்ஸ் பஞ்சால் மருந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிப் பட்டது என்று கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றேன்.

கருமாதி அன்று விடியற்காலையில் அப்பா பெரட்டுக்குப் போனார். எல்லோரும் நிற்கும்போது கண்டாக்கு ஐயாவின் முன்னால் நின்று, "எனக்குக் காது கேக்காதுங்க. லாரிய வேற ஆளுகிட்டக் குடுங்க. என்னயக் கவ்வாத்துல போடுங்க," என்றார். கங்காணி தரையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவர் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வந்தது.

மத்தியானம் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன். பின்பக்கம், மரக்கறித் தோட்டத்து ஓரத்தில், கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு தானாகப் பேசினார்.

"ஒங்கம்மா தங்கம் தாயி. ஒரு கொற சொல்ல முடியாது அவள." பூசணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய் ஒண்ணுதான். அன்னைக்கு மட்டும் அவ அந்த வாய அடக்கியிருந்தா, நாங்க பாட்டுக்கு ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை..."

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அந்த மனிதர் அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் உயிரோடு இருந்தார். வேறு கல்யாணம் செய்யவில்லை. என்னைக் காலேஜ் வரை படிக்கவைத்தார். அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளைக்கூட உண்மையைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தைரியம் வந்தது அந்த ஒரு நாள், அந்தக் கல்லின்மேல் மட்டும்தான். குரல் நூல் மாதிரி வந்தது.

"அம்மா சொல்லலப்பா," என்றேன். "நான்தான் சொன்னேன்."

அவர் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்னா தாயி?" என்று கேட்டு, குனிந்து, காதை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் அந்தக் காதைப் பார்த்தேன்.

"சாப்புடக் கூப்புடுறாங்கப்பா," என்றேன், சத்தமாக.

அது அவருக்குக் கேட்டது. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.